புள்ளிக் கணக்கு

கானாடுகாத்தான் பெரிய வீட்டில்
எங்கள் பங்கு பதினாறில் ஒன்று.
வளவில் ஓர் அறை, அதற்குள் இன்னோர் அறை.
உள்ளறையில் இப்போது முப்பத்திரண்டு டிகிரி,
கூடினாலும் குறைந்தாலும் எனக்கு வியர்க்கும்.

தெர்மோகோல் பெட்டியில் ஆறு முட்டை
ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.
இன்று ஐம்பத்தேழாவது நாள்.
கரண்ட் போன இரண்டு இரவும்
வெந்நீர் பாட்டில் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
"என் பிரசவத்துக்குக்கூட நீங்க இப்படி முழிக்கல"
என்றாள் சிகப்பி.
உண்மைதான். அன்று நான் பினாங்கில் இருந்தேன்.

பால் பைத்தான். ஆப்பிரிக்கச் சாதி.
பயந்தால் பந்தாகிவிடும், அவ்வளவுதான் அதன் கோபம்.
தாய் பழுப்பு. தகப்பனும் பழுப்பு.
யாரும் நின்று விலை கேட்காத நிறம்.
ஆனால் தாயைப் பெற்றவள் ஒரு வெள்ளை,
தகப்பனைப் பெற்றவன் வேறொரு வெள்ளை,
மஞ்சள் திட்டும் மாதுளை முத்துக் கண்ணுமாக.
ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்த வெள்ளை
உடம்புக்குள் வாயை மூடிக்கொண்டிருக்கும்.
இரண்டு பக்கமும் கொடுத்தால்தான் வெளியே வரும்.
ஐயா பேர் மகனைத் தாண்டிப்போய்
பேரனுக்குள் உட்கார்ந்துகொள்ளவில்லையா,
அந்த மாதிரி.

நாலில் ஒன்று வெள்ளை என்பது கணக்கு.
ஆறு முட்டைக்கு ஒன்றரை.
அரை வெள்ளையாக எந்தப் பாம்பும் பிறந்ததில்லை.
ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாகக் காசு சுண்டுகிறது,
பக்கத்து முட்டையைக் கேட்பதில்லை.

முதல் முட்டை கீறி மூக்கு தெரிந்த நேரத்தில்
கோயில் வரி நோட்டோடு வந்தார் சேவுகன் அண்ணன்.
ஊருக்குப் புதுசு. குனிந்து பார்த்தார்,
இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.
"உங்க வீட்டுக்கு ஒரு புள்ளி.
பையனுக்குக் கல்யாணம் ஆனா ரெண்டு.
இதுக்கெல்லாம் எத்தனை புள்ளி போடுறது?"
சிரித்துவிட்டு, சுவரில் ஐயா படத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"அச்சு அசல். அதே நெத்தி."

மஞ்சள் நீர் குடித்து
ஒன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தவன் நான்.
பிறந்தது பள்ளத்தூர்.
சொல்லவில்லை. நூறு ரூபாய் கூடக் கொடுத்தேன்.
பங்காளிக்குள்தான் பிள்ளை கூட்டுவார்கள்;
எட்டுத் தலைமுறைக்கு முன்னால்
ஒரே வயிறாக இருந்திருக்கலாம்.

மறுநாள் மாலைக்குள் ஆறும் வெளியே வந்தன.
ஆறும் பழுப்பு.

கோயம்புத்தூரிலிருந்து போன்.
"வெள்ளை?"
இல்லை.
"உள்ளுக்குள்ள?"
மூன்றில் இரண்டு பங்கு இருக்கலாம்.
"இருக்கலாமுக்கு எவ்வளவு சார்?"

நல்ல கேள்வி. மூன்று வருஷம் சோறு போட்டு,
பெண்ணாக இருந்தால் ஒன்றரைக் கிலோ ஏற்றி,
ஒரு வெள்ளையோடு சேர்த்துப் பார்த்தால் தெரியும்.
என்னிடம் இருக்கும் ஒரே வெள்ளை
இதுகளுக்குத் தாத்தா.
ஒரே கோயிலுக்குள் பெண் எடுக்காதவன்
அதை நோட்டில் எழுதினேன், அடித்தேன்,
அடித்ததற்கு மேல் மறுபடி எழுதினேன்.
பாம்புக்கு ஏது கோயில்?

ஆறு டப்பா. ஆறு சீட்டு.
"இருக்கலாம் 1" என்று தொடங்கி
ஆறு வரை எழுதி ஒட்டினேன்.
பத்தாம் நாள் முதல் சட்டை உரித்தன.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்:
நிறம் பாம்போடு போய்விட்டது,
கோலத்தின் நிழல் மட்டும் மிச்சம்.
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஃப்ரீசரில் எலித் தட்டுக்கு மேல்தட்டில்
உப்புக்கண்டம் வைக்க மறுத்து
மூன்று மாதம் சண்டை போட்டவள்,
நேற்று வந்து மூன்றாம் டப்பாவைத் திறந்தாள்.
உள்ளங்கையில் வைத்தாள். அது சுருண்டு
தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது.
"இதுக்குள்ள இருக்கு. இதைக் குடுக்க வேணாம்."
எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.