புள்ளிக்கு இருபது லட்சம்

பி.டி.எம். லேஅவுட், மூன்றாவது மாடி.
மூன்று கட்டில், ஒரே ஒரு பிளக் பாயின்ட்.
நான் லேப்டாப்பைச் சொருகினால்
ஜெர்லினின் போன் செத்துப்போகும்.
முறை வைத்திருக்கிறோம்.

திங்கட்கிழமைக்குள் ஒரு வரைபடம் வேண்டுமாம்.
ஐரோப்பா, கிழக்காசியா, தெற்காசியா.
உழைக்கும் வயது: பதினைந்து முதல் அறுபத்து நான்கு வரை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் தொடங்கி
இந்த அறையில் யாரும் வேலைக்குப் போகாத
ஏதோ ஒரு வருடம் வரை.
நம்முடையதை ஆரஞ்சில் போடு என்றார் ஹெக்டே,
பார்த்ததும் நம்பிக்கை வரவேண்டும்.

நீலம் கொஞ்ச தூரம் ஏறி, நின்று,
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
மாடிப்படி இறங்குகிறவரைப் போல இறங்குகிறது.
சிவப்பு, ஏறிய வேகத்துக்குப்
பதில் சொல்கிற மாதிரி மறுபக்கம் சரிகிறது.
ஆரஞ்சு மட்டும் ஏறுகிறது.
எங்கே என்று அதைக் கேட்க
என் அட்டவணையில் கட்டம் இல்லை.

திரையில் உயரம் எழுநூற்றைம்பது புள்ளி.
உச்சியில் நூற்றைம்பது கோடி பேர்.
சும்மா வகுத்துப் பார்த்தேன்:
புள்ளிக்கு இருபது லட்சம்.
கோட்டின் தடிமனே இரண்டு புள்ளி.
அந்தத் தடிமனுக்குள்
நாற்பது லட்சம் பேர் வந்து நின்றாலும்
கோடு கோடாகத்தான் இருக்கும்.

அடுத்த கட்டிலில் ஜெர்லின்,
குலசேகரத்துக்காரி, ஜெயநகரில் நர்ஸ்,
நைட் டூட்டிக்கு முன்னால் ஜெர்மன் படிக்கிறாள்.
"இஞ்ச பாரு, அங்க மேசை ஆணாம்.
கதவு பொண்ணாம்.
பொம்பளப்பிள்ளை மட்டும் ரெண்டும் இல்லியாம்,
அஃறிணை!"
சிரித்துவிட்டு அதையும் மனப்பாடம் செய்தாள்.

நான் என் தலைப்பைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
மக்கள் கூடுகிறார்கள் என்றால்
எங்கோ தேர் இழுக்கிற மாதிரி இருக்கிறது.
மக்கள்தொகை கூடுகிறது என்றால்தான் அறிக்கை.
ஒரு தொகையைச் சேர்த்த உடனே
வினைமுற்று அஃறிணைக்கு மாறிவிடுகிறது.
நாமும் அப்படித்தான் ஜெர்லின், என்றேன்.
அவளுக்குக் கேட்கவில்லை, காதில் ஹெட்போன்.

மூன்றாவது கட்டிலில் தன்மயி.
இருபத்து நான்கு வயது, பொறியியல்,
பதினான்கு மாதமாக நேர்முகத் தேர்வு.
என் ஆரஞ்சில் அவள் முழுசாக இருக்கிறாள்.
கீழே வாசலில் காவலுக்கு பிதாம்பர் ஜெனா.
ஏஜென்சி அட்டையில் ஐம்பத்தெட்டு,
ஒருநாள் இந்தியில் ரகசியமாகச் சொன்ன வயது
அறுபத்தேழு.
என் கணக்குப்படி அவர் ஓய்ந்து போய் இரண்டு வருடம்.
நேற்று லிஃப்ட் ஓடவில்லை.
எங்கள் தண்ணீர் கேனை
அவர்தான் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.
நடுவில் இரண்டு இடத்தில் நின்றார்.

ஜெர்லினுக்கு விசா வந்துவிட்டது.
பெயரை உச்சரிக்க அவளே திணறும் ஊர்,
முதியோர் இல்லம், எண்பது படுக்கை.
ஞாயிறு விடியும் முன் சில்க் போர்டில்
ஏர்போர்ட் பஸ். இருபத்து மூன்று கிலோவில்
நான்கு கிலோ கிழங்கு சிப்ஸ்.
பஸ் படியில் நின்று
"சார்ஜர மறந்துட்டேன்" என்றாள்.
ஓடி எடுக்க நேரமில்லை.

அறைக்கு வந்து கோப்பைத் திறந்தேன்.
இந்த வருடத்துக் கட்டம். ஆரஞ்சில் ஒன்று கழித்தேன்.
நீலத்தில் ஒன்று கூட்டினேன்.
சேமித்தேன்.
வரைபடம் கண் இமைக்கக்கூட இல்லை.
திருத்தாமல் அப்படியே அனுப்பினேன்.
ஹெக்டே கட்டைவிரல் உயர்த்தினார்,
ஆரஞ்சு இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கலாம் என்றார்.

கட்டிலுக்கு வியாழக்கிழமை ஆள் வருகிறதாம்,
வீட்டுக்கார அம்மா சொன்னார்.
"வருகிறாள்" என்று திருத்த நினைத்தேன்.
அவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. விட்டுவிட்டேன்.

சுவரில் அவள் சார்ஜர் தொங்குகிறது.
லேப்டாப் மூன்று சதவீதம் என்கிறது.
இருக்கட்டும்,
அவள் முறை முடியட்டும்.