இரண்டு வரி, முப்பத்தாறு எழுத்து

இரவு பதினொன்று. செந்தூல், பதினான்காம் மாடி.
திரையில் ஒரு மலை பிளந்து
ஏழாவது பாகத்தின் மிருகம் எழுகிறது.
வசனத்துக்கு எனக்கு இரண்டு வரி தருவார்கள்,
வரிக்கு முப்பத்தாறு எழுத்து.
அதற்குள் அது பறக்கவேண்டும், எரிக்கவேண்டும்,
தமிழில் சாகவும் வேண்டும்.

என்ன பெயர் வைப்பது?
பறவைநாகம் என்றேன் முதலில்.
பாடநூல் வாசனை என்று சிவப்பில் எழுதி
நித்தியவாணி திருப்பி அனுப்பினாள்.
யாளி என்றேன்.
யாளி தூணைவிட்டு இறங்கியதே இல்லை.
வாய்க்குள் உருளும் கல்லை
இத்தனை நூற்றாண்டாக விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.
அதைக் கொன்று இளவரசியை மணந்தவன்
நானறிந்த கதையில் யாருமில்லை.
கடைசியில் டிராகன்.
நாலே எழுத்து. மலிவு.

திரையில் இருப்பது தங்கத்தின்மேல் படுத்திருக்கிறது,
செலவழிக்கத் தெரியாமல்,
புதையல் காத்த பூதமாக.
நம் பாம்பு அப்படியில்லை.
மணியைக் கக்கிவைத்து
அந்த வெளிச்சத்தில் இரை தேடும்.
பொக்கிஷத்தை விளக்காக்கிக்கொண்ட ஏழை.

கீழே முரசு.
பி பிளாக் கார் நிறுத்துமிடம்,
சீனப் புத்தாண்டுக்குப் பத்தொன்பது நாள்.
ஒன்பது கழி, ஒன்பது பையன்கள்.
துணியும் பிரம்பும் போக
மிச்சமெல்லாம் அவர்கள் கால்.
முன்னே மெய் சுவான், கம்பு நுனியில் முத்து.
தலை அதைத் துரத்தும், பிடிக்காது.
பிடித்தால் ஆட்டம் முடிந்தது.

வால், தர்வின்.
எதிர்வீட்டு மல்லிகேசுவரியின் மகன்.
தலை ஓரடி திரும்பினால்
வால் பத்தடி ஓடவேண்டும்.
ராகு சும்மா வளைய,
கேதுவுக்கு மூச்சிரைக்கிறது.
ஜோசியர் சொன்னாராம் அவன் அம்மாவிடம்:
கேது திசை, ஏழு வருஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.
சப்பாத்து மூன்று மாதம்கூடத் தாங்குவதில்லை.

லிஃப்டில் ஒருநாள் கேட்டேன்,
அது நல்லதா கெட்டதா என்று.
"மழை கொண்டாரும்னு கோச் சொன்னாருக்கா.
அப்ப வெள்ளம் வந்தா? ன்னு கேட்டேன்.
அது டி.பி.கே.எல். வேலைன்னுட்டாரு."

வீரன் ஈட்டியை ஓங்கிவிட்டான்.
எனக்கு இரண்டே நொடி.
அதைக் கொல் என்கிறான்.
அது, அஃறிணை, ஒன்றன்பால்,
இலக்கணத்தில் சிக்கலில்லை,
எழுத்தும் மிச்சம்.

பால்கனியிலிருந்து பார்க்கிறேன்.
நடுவில் யாரோ இடறி
டிராகன் ஒன்பது பேராகச் சிதறுகிறது.
கான்டனீஸில் ஒரு வசவு, மலாயில் ஒரு சிரிப்பு,
"டேய், என் கை, என் கை" தமிழில்.
ஒருவரையொருவர் தூக்கிவிட்டு
தூசி தட்டிக்கொண்டு
திரும்பவும் அதுவாகிறார்கள்.

உள்ளே வந்து
'அவர்களைக் கொல்' என்று தட்டிவிட்டேன்.
பார்த்தேன்.
அழித்தேன்.
காலை ஒன்பதுக்குக் கோப்பு போகவேண்டும்.

கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
ஈட்டி இன்னும் மேலே, நிறுத்திவைத்த படத்தில்.
கீழே தர்வின்
வாலைத் தோளில் போட்டுக்கொண்டு
தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகிறான்.