பெட்டிக்குள் ஒத்திகை

மருத்துவமனைக் கடிதம் சுருக்கமாகத்தான் சொன்னது:
இருபத்தைந்து நிமிடம் குழந்தை அசையாமல் படுக்க வேண்டும்.
முடியாத பிள்ளைகளுக்கு மயக்க மருந்து உண்டு.
லேலோவுக்கு ஐந்து வயது.
ஒரு கிண்ணம் கஞ்சி முடிவதற்குள்
மேசையை மூன்று முறை சுற்றி வருபவள்.

அடுத்த வீட்டு ஹெய்னோ
புதிதாகக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருந்தார்.
அது வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி
எங்கள் கூடத்தில் கிடத்தினேன்.
வெளியே தார்த்து நகரம் முழுக்கப் பனி.
பேருந்துப் பணிமனையில் கை விறைத்து வந்த எனக்கு
அட்டையை வெட்டவே அரைமணி ஆனது.

முதல் நாள் தலை மட்டும்.
மறுநாள் தோள்வரை.
பிறகு முழுதாக உள்ளே போய்
உடனே வெளியே வந்து
"உள்ளே பிஸ்கட் வாசம்" என்றாள்.
பொய். அட்டை வாசம்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு ஏழு மணிக்கு
சுவரின் அந்தப் பக்கம் ஹெய்னோ
துளைக்கருவியை ஓட்டினார்,
துளைக்க ஒன்றும் இல்லாமல்,
எங்களுக்காக.

"கல் மாதிரி இரு" என்றேன்.
"கல் மூச்சு விடாதே அப்பா."
கொஞ்சம் யோசித்து அவளே சொன்னாள்:
"நம்ம ஆறு மாதிரி இருக்கேன்.
மேலே உறைஞ்சிருக்கும்,
அடியிலே ஓடிக்கிட்டே இருக்கும்."
அன்று பதினோரு நிமிடம் தாண்டினோம்.

வலிக்குமா என்று கேட்டிருந்தாள்.
வலிக்காது என்றிருந்தேன்.
விளக்கை அணைத்தபின் நினைவு வந்தது:
கடிதத்தின் பின்பக்கம்,
சின்ன எழுத்தில்,
ஒரு ஊசி.

விடியும்வரை அந்த ஊசி
என் படுக்கையில் கிடந்தது.
காலையில் சொல்லிவிட்டேன்.
"நேத்தே தெரியுமா?"
"தெரியும். மறந்துட்டேன்."
இரண்டு நாள் அவள் பெட்டிக்குள் வரவில்லை.
ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து
தன் கம்பளிக் கையுறையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:
இவர் பாதிதான் சொல்வார்,
மீதியை நாம்தான் கேட்டு வாங்கணும்.

மூன்றாம் நாள் கேட்டு வாங்க வந்தாள்.
"எவ்வளவு நீளம்?"
துடைப்பத்தில் ஒரு ஈர்க்கை ஒடித்துக் காட்டினேன்.
"எத்தனை எண்ணுறதுக்குள்ளே முடியும்?"
"நாலு."
"மூணிலே கத்தலாமா?"
"கத்தலாம். கை மட்டும் ஆடக் கூடாது."
ஈர்க்கைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று அவள் இரண்டிலேயே கத்தினாள்.
கை ஆடவில்லை.
மாரிகா என்ற செவிலி
பொத்தானை அழுத்த, படுக்கை உள்ளே நகர்ந்தது.
இரும்பெல்லாம் வெளியே என்றார்கள்:
சாவி, சில்லறை, பெல்ட்.
கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி
அவள் பாதங்களின் அருகே நின்றேன்.

சத்தம் ஹெய்னோவின் கருவி போல இல்லவே இல்லை.
துருப்பிடித்த கதவை
யாரோ கோபத்தில் உதைப்பது போல,
பிறகு வாத்துக்கூட்டம் போல.
கூரையில் ஒட்டியிருந்த திமிங்கிலத்துக்கு
வால் கிழிந்திருந்தது.
இதையெல்லாம் நாங்கள் பழகவில்லை.

பேசி வைத்திருந்த கட்டைவிரல் கூட
ஒருமுறைதான் அசைந்தது,
நான் இருக்கேன் என்று.
ஆடியது என் முழங்கால்.
அதற்கு யாரும் எதுவும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

முடிவு செவ்வாய்க்கிழமை என்றார்கள்.

இரவு தூக்கம் வராமல் கூடத்துக்கு வந்தேன்.
பெட்டிக்குள் வெளிச்சம்.
கைவிளக்கோடு படுத்திருந்தாள்,
பக்கத்தில் அந்தக் கையுறை.
"செவ்வாய்க்கு எப்படிப் பழகணும்?" என்றாள்.
"தெரியல" என்றேன்.
முழுதாகத்தான் சொன்னேன்,
பின்பக்கம் எதுவும் இல்லை.

சற்று நகர்ந்து இடம் விட்டாள்.
எனக்குத் தோள்வரைதான் நுழைந்தது.
"முதல் நாளுக்கு அது போதும்" என்றாள்.