முந்தானையிலிருந்து ஓர் இழை

முருகேஷ்பாளையாவில் என் வண்டி
டிரான்ஸ்ஃபார்மருக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் நடுவில்.
கரி விலை ஏறியதும் காஸ் பெட்டிக்கு மாறினேன்.
கரியின் கோபம் முன்கூட்டியே தெரியும்,
சாம்பலை ஊதும்போதே சொல்லிவிடும்.
காஸ் சத்தமில்லாமல் சுடும்.

விரலை நாக்கில் தொட்டு
பெட்டியின் அடியில் ஒரு தட்டு.
சுர்ரென்றால் பருத்தி.
சொய்ங் என்று இழுத்தால் டெரிகாட்டன்.
ஈரம் பேசாமல் மறைந்தால்தான் பட்டு,
அதுவும் மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு.

பருத்திக்கு எவ்வளவு சூடும் போதாது.
தண்ணீர் தெளித்து, தோளோடு சாய்ந்து அழுத்தணும்.
கம்பளி ஆவி பட்டதும் உப்பும்,
குளித்து வந்த ஆட்டுக்குட்டி மாதிரி.
நைலான் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.
ஒரு பள்ளிக்கூட ரிப்பன் பெட்டியில் ஒட்டினால்
அடுத்த நாலு சட்டையிலும் அதன் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை
முன்னூற்று நாலாம் வீட்டு சௌபாக்யா மேடம்
மாம்பழ நிறத்தில் ஒன்று கொண்டுவந்தார்.
ப்யூர் சில்க். கல்யாண நாளுக்கு
அவரே சிக்பேட் போய் வாங்கினதாம்.
ஜாக்கிரதை என்றார், இரண்டு தடவை.

ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்.
தண்ணி லாரிக்காரன் பின்னால் எடுக்கிறேன், வண்டியை நகர்த்து
என்று கத்தும்வரை.
பெட்டியை வைத்த இடத்தை மறந்தேன்.
ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

பட்டாக இருந்திருந்தால் பழுப்பேறியிருக்கும்,
மயிர் பொசுங்கும் வாசனை மரம்வரை போயிருக்கும்.
இது சுருங்கியது.
விளிம்பெல்லாம் கண்ணாடி மாதிரி இறுகி
நடுவில் உள்ளங்கை அளவு வானம்.
வாசனை தித்திப்பாக இருந்தது,
குப்பையில் பால் பாக்கெட் எரிகிற தித்திப்பு.

முந்தானைக் குஞ்சத்தில் ஓர் இழை உருவினேன்.
பீடிக்கடை நாகராஜிடம் லைட்டர்.
பட்டு நெருப்பைக் கண்டால் சுருளும்,
நெருப்பை எடுத்தால் தானே அணையும்,
மிச்சத்தை நசுக்கினால் மை மாதிரிப் பொடியும்.
இது சொட்டியது.
கடுகளவு கறுப்பு உருண்டை.
நகத்தால் நசுக்கினேன், நகம்தான் வலித்தது.

தப்பு என்னுடையதுதான்.
எந்தத் துணியாக இருந்தாலும் அந்த இரண்டு மூச்சு என்னுடையது.
ஆனாலும் உருண்டையைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.
கேட்ட விலைக்கு ஒரு பதில் வேண்டாமா?

சாயங்காலம் மேடம் வந்தார்.
ஓட்டைக்குள் நாலு விரல் விட்டுப் பார்த்தார்.
விலை சொல்லவில்லை. கத்தவில்லை.
பாதித் தமிழில் மெதுவாகக் கேட்டார்:
எரிஞ்சப்போ, முடி வாசனை வந்துச்சா?

நான் மனப்பாடம் பண்ணிவைத்ததெல்லாம்
தொண்டையிலேயே நின்றது.
தீப்பெட்டியை நீட்டினேன்.
விரல்களுக்கு நடுவே உருட்டினார்,
நசுக்கினார், பல்லில் வைத்துக்கூடப் பார்த்தார்.
பிறகு பர்ஸில் சில்லறையோடு போட்டு ஜிப்பை இழுத்தார்.

ஓட்டை உள்ளே போற மாதிரி மடிச்சுக் கொடு.

மடித்தேன். வெளியே ஜரிகைதான் தெரிந்தது.
வேண்டாம் என்றும் கேட்காமல்
முப்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்காரருடைய சட்டைகள் வந்தன.
எட்டு. எல்லாம் லினன்.
லினனுக்கு நல்ல சூடு வேண்டும்.
காஸைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.