உதவி: மற்றும் ஒருவர்

முதலில் செய்தது குடைக்கம்பியில்.
ஈசூன் எம்ஆர்டி வாசலில் காற்று முறித்த குடை,
யாரோ குப்பைத்தொட்டியில்
தலைகீழாய்ச் செருகிவிட்டுப் போனது.
இரண்டாம் ஒத்திகையிலேயே வளைந்துவிட்டது.
மூன்று குவளைத் தேநீர்கூடத் தாங்கவில்லை,
அதுவும் துணித் தேநீர்.

எங்கள் பொம்மை ஒரு சரபத்துக் கடைக்காரர்.
வலக்கையில் ஒரு குவளை, இடக்கையில் ஒன்று,
நடுவே பழுப்பு சாட்டின் நாடா.
ஒரு கை உச்சந்தலைக்கு மேல் ஏறும்போது
மற்றது இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும்.
அதற்குள் கம்பியும் கம்பியும்
இடித்துக்கொள்ளக் கூடாது.

ஜாலான் புசார் இரும்புக் கடையில்
மூன்று மில்லிமீட்டர் எஃகுக் கம்பி கேட்டேன்.
எதற்கு?
கைக்கு.
ஒரு கைக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர்,
மறு கைக்கு முப்பது.
கடைக்காரர் என் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு
வெட்டிக் கொடுத்தார்.

நுனியைக் காய்ச்சி வளையமாய்த் திருகி
பொம்மையின் மணிக்கட்டில் தைத்தேன்.
இறுக்கித் தைத்தால் கை செத்துவிடும்.
ஓர் அரிசி புரளும் இடம் விட்டேன்.
பிடிக்குத் துடைப்பக் கட்டையில் அரைச் சாண்.
விளக்கில் மின்னாமலிருக்கக் கறுப்பு ரப்பர்க் குழாய்.

ஆட்டுவது வேறு கதை.
பன்னிரண்டாம் மாடிச் சன்னலில்
ஈரப் போர்வை கோத்த மூங்கில் கழியை
நீட்டி நீட்டிச் செருகியதில்
எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்:
எடை அந்த முனையில்,
பதில் இந்த மணிக்கட்டில்.

தலை அன்வர்தீனுடையது. வாயும் குரலும் அவருடையவை.
மேசைக்குப் பின்னே குந்தியிருக்கையில்
அவர் விலாவில் என் தோள் ஒட்டியிருக்கும்.
விலா விரிந்தால் வாக்கியம் வருகிறது,
அதற்கு ஒரு கணம் முன்பே கை எழுந்துவிட வேண்டும்.
கை பிந்தினால்
பொம்மை பொய் சொல்வதுபோல் இருக்கும்.

அன்று காலை நிகழ்ச்சித்தாள் வந்தது.
பொம்மலாட்டம்: அன்வர்தீன்.
உதவி: மற்றும் ஒருவர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கறுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

புளோக்கின் கீழ்த்தளம்,
தூண்களுக்கிடையே நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
அவற்றில் உட்காராமல் தரையில் பிள்ளைகள்.
“பாருங்க, இந்தத் தேத்தண்ணிய
என் ரெண்டு கையால நானே இழுக்கப்போறேன்”
என்றது பொம்மை.

கைகள் அசையவில்லை.

விலா விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.
பொம்மை குனிந்து வலக்கையைப் பார்த்தது,
பிறகு இடக்கையை.
நான் கம்பிகளைக் குறுக்கே போட்டேன்.
இருபது ஒத்திகையில் ஒருமுறைகூட வராதது
அன்று வந்தது.
சரபத்துக் கடைக்காரர்
நெஞ்சில் கைகட்டி நின்றார்.

ஒரு பிள்ளை கத்தியது:
“அங்கிள், உங்க கை கோவிச்சுக்கிச்சு!”

இருட்டில் அன்வர்தீன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
பொம்மையும் திரும்பியது,
தலை அவர் கையில்தானே இருந்தது.
“கைக்குப் பேர் இருக்குல்ல,
அத நான் சொல்லவே இல்ல” என்றார்
பொம்மைக் குரலும் இல்லாத
சொந்தக் குரலும் இல்லாத ஒரு குரலில்.
“செண்பகவல்லி.”

பிள்ளைகள் மூன்று முறை கூப்பிட்டார்கள்.
நான்காம் முறைக்கு முன்
நாடா ஏறியது, நெடுக,
நாற்பத்தைந்து சென்டிமீட்டரும் போதாமல்
என் குதிகால் தரையை விட்டு எழ.

மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை அவர்.
பக்கத்துப் புளோக் காப்பிக் கடையில்
தே ஓ கொசோங் வாங்கித் தந்தார்.
எனக்குச் சர்க்கரை வேண்டும் என்பது
ஆறு வருடமாய் அவருக்குத் தெரியாது.
குடித்தேன்.

அடுத்த நிகழ்ச்சித்தாளில் என் பெயர் இருந்தது,
ஓர் எழுத்து விழுந்துபோய்:
செண்பகவலி.

திருத்தச் சொல்லலாம் என்றார்.
வேண்டாம் என்றது
வலத் தோள்.