விதி பதினொன்று

மொன்டானாவில், ஹெலினாவில், மாடியில் ஒரு கடைசி அறை.
நீர்வளத் துணைக்குழு. ஏழு பேரில் நான்கு பேர் போதும்.
நான்காமவர் ஆர்லிஸ் டோர்வாக்
காபி வாங்கப் போயிருந்தார்.
அவர் வரும்வரை அங்கே குழு இல்லை,
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர்.
நான் குறிப்பெழுதுபவள், கணக்கில் சேரமாட்டேன்.

வந்தார். காகிதக் கோப்பையோடு
சட்டமும் உள்ளே வந்து அமர்ந்தது.

சாட்சி சொல்பவர் முதலில் பெயர், பிறகு முகவரி.
அது விதி பதினொன்று.
இரண்டு நிமிடம். மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு.

"வெர்னா ஸ்கிப்டன்" என்றாள்.
அதோடு நின்றாள்.
மஞ்சள்.
தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"முகவரி, அம்மா" என்றார். கடுமையாக அல்ல.

"ஜூன் மாதம் அது பாலத்தைத் தாண்டிப் போயிற்று.
கடைசியாகப் பார்த்தபோது
சமையலறை கிழக்கே திரும்பியிருந்தது.
அடுப்பங்கரை ஜன்னல் திறந்தே கிடந்தது."

யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றிக்கொண்டார்.
விதியைத் தள்ளிவைக்கலாம்,
முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர்,
பிறகு விவாதம்,
பிறகு மூன்றில் இரண்டு பங்கு.
நான்கு பேரும்
மேசையின் மரவரிகளைப் பார்த்தார்கள்.
சிவப்பு.

குறிப்பேட்டில் மௌனத்துக்குக் கட்டம் இல்லை.
முகவரி என்ற சொல்லுக்கு எதிரே
பேனா முனையை ஊன்றியவள் எடுக்க மறந்தேன்.
மை ஊறி
ஒரு பொத்தான் அளவுக்கு வளர்ந்தது.

அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல
முந்தைய குறிப்பை,
அந்தக் கறையையும் சேர்த்து,
எதிர்ப்பின்றி ஏற்றார்கள்.