பாக்கி

விலை சொல்வது என் வேலை.
இஷ்பெமிங்கில், டுவேன் பெரோவின் பட்டறையில்,
கிரீஸ் படிந்த தொலைபேசியைக் காதில் இடுக்கி
நாளுக்கு இருபது முறை சொல்கிறேன்.
சொன்னதும் மறுமுனை அடங்கிவிடும்.
எதை விடலாம் என்று அவர்கள் தேடுவது கேட்கும்,
இருட்டில் யாரோ இழுப்பறைகளைத்
திறந்து மூடுவதுபோல.

ஜனேல் லாட்டி தொலைபேசியில் கேட்கவில்லை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவுப்பணி முடித்து
நேரே வந்தாள்.
அவளுக்கு முன்னால் அவள் காரின் கூச்சல் வந்தது.
கம்பெனியே மூடிப்போன பான்டியாக்.
குளிரில் கிளப்பினால்
கழுத்தைத் திருகிய வாத்துபோலக் கத்தும்.
ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் கடிகாரம்.

டுவேன் பானெட்டைத் தூக்கினார்.
ஒரே பெல்ட்.
ஆல்டர்னேட்டரைச் சுற்றி, தண்ணீர் பம்பை அணைத்து,
ஸ்டீயரிங் பம்பின் முதுகில் ஏறி இறங்கி
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாம்பு.
உள்பக்கம் ஆறு வரி,
ஆறிலும் வறண்ட ஏரியின் வெடிப்பு.

"பெல்ட் மட்டும் மாத்துங்க" என்றாள்.
டுவேன் வாதாடுகிறவர் அல்ல.
அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைக் காட்டி
"தொட்டுப் பாருங்க" என்றார்.
தொட்டாள்,
பிள்ளையின் ஆடும் பல்லைத் தொடுவதுபோல.
ஆடியது.

பெல்ட் நாற்பத்திரண்டு. டென்ஷனர் எண்பத்தொன்பது.
கூலி தொண்ணூற்றெட்டு. பொருளுக்கு மட்டும் வரி.
இருநூற்று முப்பத்தாறு டாலர் எண்பத்தாறு சென்ட்
என்று சொல்லிவிட்டு
காலண்டரைப் பார்த்தேன். எப்போதும் அதைத்தான் பார்ப்பேன்.
பாம்பென்றால் படை நடுங்குமாம்.
இவள் நடுங்கவில்லை. கையுறையைக் கழற்றி
ஐந்து இருபதுகளை மேசையில் வைத்தாள்.
மீதி இரண்டு தவணை.
அது குளிர்காலப் பூட்ஸுக்கு வைத்த பணம் என்று
நான் கேட்காமலே சொன்னாள்.
யாருடைய பூட்ஸ் என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து முதல் தவணையோடு வந்தாள்.
கார் வந்ததே எனக்குத் தெரியவில்லை.
கதவு திறந்து பனிக்காற்று உள்ளே வந்தபிறகுதான்
நிமிர்ந்தேன்.

"சத்தம் போயிடுச்சு" என்றேன், பெருமையாக.
"ஆமா" என்றாள். சில்லறையை எண்ணினாள்.
எண்ணிக்கை தப்பி மறுபடி எண்ணினாள்.
பிறகு ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

மகன் கார்பினுக்குப் பதினைந்து வயது.
பழைய பெல்ட் இருந்தவரை
அவள் வருவது அவனுக்கு மூன்று தெரு முன்பே தெரியும்.
அந்த மூன்று தெருவுக்குள்
அவன் என்னென்ன எடுத்து வைத்தான் என்று
அவளுக்குத் தெரியாது.
புது பெல்ட் போட்ட மறுநாள் காலை
சாவி திருகி, கதவு திறந்து, சமையலறை வாசல்வரை
சத்தமில்லாமல் போய்விட்டாள்.

போனில் அவன் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தான்.
பேசக்கூடாது என்று அவள் சொல்லியிருந்த அப்பா.
காரணம் இருந்தது, இன்னும் இருக்கிறது.
ஆனால் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.
நாற்காலியைப் பின்னால் சாய்த்து, ஒரு காலை மேசைமேல் போட்டு,
தொண்டை புதிதாக உடைந்த அந்தச் சிரிப்பை
அவள் அதுவரை கேட்டதில்லை.
அவளைப் பார்த்ததும்
நாற்காலியின் நான்கு காலும் தரைக்கு வந்தன.

"நான் எதுவும் சொல்லல" என்றாள் என்னிடம்.
"திரும்பிப் போய் காரில் உட்கார்ந்தேன்.
எஞ்சின் ஓடிட்டு இருந்துச்சு.
ஓடுதான்னு கைவச்சுப் பார்க்க வேண்டியிருந்துச்சு."

எனக்கு விலை மட்டும்தான் சொல்லத் தெரியும்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

போகும்போது கதவருகே நின்றாள்.
"இப்பல்லாம் மாடிப்படி ஏறும்போது
சாவிக்கொத்தை நல்லாக் குலுக்கிட்டே ஏறுறேன்.
பதினாலு படி. மெதுவா."

வெளியே பான்டியாக் கிளம்பியிருக்க வேண்டும்.
காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
லாட்டி, ஜே., என்று புத்தகத்தில் எழுதினேன்.
பாக்கி அறுபத்தெட்டு டாலர் நாற்பத்து மூன்று சென்ட்.